பக்கத்துச் சீட்டுக்காரர்தான் பேசணும்

சாதி, மதம் பார்த்து ஒருத்தரை ஒதுக்கினால், ஒதுக்கப்பட்டவரிடமே போய் "நீ ஏன் திருப்பிக் கேக்கல?" என்று கேட்கிறோமே, அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அவர் கேட்டால் என்ன ஆகும் என்று ராமநாதபுரத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1957 செப்டம்பர் 10, சாதி மோதலை நிறுத்த முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டம், ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் இம்மானுவேல் சேகரன் போய்ச் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாளே பரமக்குடியில் கொலை செய்யப்பட்டார். வயது 32.

இதே மண்ணில் ராமேஸ்வரத்தில் நடந்தது இன்னொன்று. சின்ன வயதில் அப்துல் கலாம் வகுப்பில் முன்வரிசையில், கோயில் பெரிய குருக்கள் மகனுக்குப் பக்கத்தில் உட்காருவார். தொப்பி போட்ட பையனும் பூணூல் போட்ட பையனும் ஒன்றாக உட்கார்ந்தது புது வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை, கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார். அந்த வாத்தியாரைக் கூப்பிட்டுக் கண்டித்தது யார்? குருக்கள் லட்சுமண சாஸ்திரிதான். மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் பள்ளியையும் தீவையும் விட்டுப் போ என்றார். வாத்தியார் திருந்தினார், சாஸ்திரிகளுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. கலாமின் அப்பா போய்க் கேட்டிருந்தால் இதே வேகத்தில் முடிந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

நான் சொல்ல வருவது இதுதான், அடி விழாதவன்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும்.

பாம்பன் பக்கம் பஸ்ஸில் பார்த்திருப்பீர்கள். மீன்கார அம்மா காலி அன்னக்கூடையோடு ஏறினால் "அங்கிட்டுப் போ, நாத்தம் தாங்கல" என்று ஒரு குரல் வரும். (அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை பாறை மீனுக்கு அவரிடமே பேரம் பேசிக்கொண்டிருப்பார், அது வேறு கதை.) பஸ் முழுக்க ஜன்னல் வழியே கடலைப் பார்க்கும். 2021 டிசம்பரில் குளச்சலில் ஒரு மீன்காரப் பாட்டியை இதே காரணம் சொல்லி இறக்கி விட்டார்கள். வீடியோ ஊரெல்லாம் பரவின பிறகுதான் ஓட்டுநர், நடத்துநர் மேல் நடவடிக்கை வந்தது. வீடியோ வரும்வரை ஏன் காத்திருக்கணும்? "இங்க உக்காருங்கம்மா" என்று நகர்ந்து உட்கார எவ்வளவு நேரமாகும்?

வாடகை வீட்டு விஷயம் இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே எல்லாம் சிரித்த முகத்தோடு நடக்கும். "எந்தத் தெரு தம்பி?" "பாய் வீடா?" "மண்டபம் அகதி முகாம் ஆளா?" அப்புறம் "வீட்டுல கேட்டுச் சொல்றேன்". புரோக்கருக்கும் தெரியும், எதிர்வீட்டுக்காரருக்கும் தெரியும். வீட்டுக்காரர் நம்மிடமே வந்து "நம்ம ஆளுகளா இருந்தாச் சொல்லுப்பா" என்பார் பாருங்கள், அங்கேதான் பேசணும். சண்டை போட வேண்டாம், கேள்வி போதும்: "அட்வான்ஸ் தர்றாங்க, வாடகை ஒழுங்கா வரும், வேற என்னண்ணே வேணும்?"

"உனக்குத் தெரியாதுப்பா" என்பார்.

"தெரியாதுதான், சொல்லுங்களேன்" என்று நில்லுங்கள். நாலு பேர் முன்னால் அதை முழு வாக்கியமாகச் சொல்ல அவருக்கே நா எழாது. நமக்கு மிஞ்சிப்போனால் என்ன, அவர் வீட்டு அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகை வராது.