கர்ப்பத்தில் மூன்றாம் மாச ஸ்கேன் மட்டும் போதாது

"மூன்றாம் மாச ஸ்கேன் நல்லா இருந்தா மூளை, முள்ளந்தண்டுப் பிரச்சினை ஒன்றும் இல்லை, அஞ்சாம் மாசம் பஸ் ஏறி நுவரெலியாவுக்கு அலைய வேண்டாம்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

11–14 கிழமை ஸ்கேனில் மண்டையோடு உருவாகாத குறை பெரும்பாலும் தெரிந்துவிடும், அது சரி. முள்ளந்தண்டுப் பிளவு, அதாவது முதுகெலும்பு முழுதாக மூடாத குறை, அப்படியில்லை. பிள்ளை அப்போது 5 முதல் 8 சென்டிமீட்டர்தான். முதுகை ஒவ்வொரு எலும்பாகப் பார்க்க 18–22 கிழமை ஆக வேண்டும். அப்போதும் பல நேரம் டொக்டர் கண்ணில் முதலில் படுவது தலைதான்: நெற்றி இரு பக்கமும் ஒடுங்கி எலுமிச்சம்பழ வடிவில் இருக்கும், சிறுமூளை வளைந்து பின்னுக்கு இழுபட்டிருக்கும். அதைக் கண்டுதான் முதுகைத் தேடிப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் பேர் (அன்றைய சம்பளம்) போகும், தோட்டத்து லய வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை, எல்லாம் தெரியும். ஆனாலும் போங்கள். குறை முன்கூட்டியே தெரிந்தால் நரம்பியல் சத்திரசிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரியில் பிரசவத்தை ஒழுங்கு செய்யலாம்.

மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய் கரு தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும். அதனால் புதிதாகக் கல்யாணம் முடித்தவர்கள் இந்தக் குறைகளைத் தடுக்க உதவும் போலிக் அமில மாத்திரையை மிட்வைப்பிடம் இப்போதே கேளுங்கள்.