நாய்க்குட்டிக்கு வெறும் கறி மட்டும் போடுறவங்க இத படிங்க

நேத்து சாயங்காலம் என் தம்பியோட ஃப்ரெண்டு ஒருத்தன் புதுசா வாங்குன ராட்வீலர் குட்டிய தூக்கிட்டு வீட்டுக்கு வந்தான். ரெண்டு மாசம்தான் ஆகுது, கொழுகொழுன்னு இருக்கு. என்னடா போடுறன்னு கேட்டேன். "அக்கா, பாக்கெட் சாப்பாட்ட வாசப்படி ஏத்துறதே இல்ல, தெனமும் போன்லெஸ் சிக்கன், பச்சையாவே, இயற்கை உணவு மட்டும்தான்"னு சொன்னான். அதக் கேட்டதுல இருந்து மனசு சரியில்ல. ஏன்னா போன வருஷம் இதே வார்த்தைய நானும் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

எங்க நாய் பேரு செவலை, சிப்பிப்பாறை ஜாதி. கோவில்பட்டி பக்கத்துல ஒரு தோட்டத்துல இருந்து 45 நாள் குட்டியா எடுத்துட்டு வந்தோம். அப்ப நான் ராத்திரி பூரா வீடியோ பாப்பேன், ட்ரை ஃபுட், அதான் பாக்கெட்ல வர்ற காஞ்ச தீனி, வெறும் மாவு, கெமிக்கல், நாய் ஓநாயோட வாரிசு அதுக்கு பச்சைக்கறிதான் சாப்பாடுன்னு சொல்றத எல்லாம் அப்படியே நம்புனேன். காலைல கறி, சாயங்காலம் கறி, நடுவுல கொஞ்சம் தயிர், வாரத்துல ரெண்டு முட்டை. எலும்பு தொண்டைல மாட்டிக்கும்னு பயந்து கோழிக்கடை பாய்கிட்ட சொல்லி எலும்பில்லாமதான் வெட்டி வாங்குவேன். முடி பளபளன்னு ஆச்சு, வாசனையே வராது, பாக்கிறவங்க எல்லாம் என்ன போடுறன்னு கேப்பாங்க, எனக்கு அவ்வளவு பெருமை.

மூணரை மாசத்துல முன்னங்கால் ரெண்டும் வெளிப்பக்கமா வளைய ஆரம்பிச்சுச்சு. ஓடுற ஜாதி நாய், அது படி ஏற மாட்டேங்குது, தூக்குனா கத்துது. டாக்டர்கிட்ட கொண்டு போனா எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்துல பிடிச்சு காட்டுறாரு, எலும்பு எது சதை எதுன்னு பிரிச்சு பாக்கவே முடியல, அவ்வளவு மெலிசு, பின்னங்கால்ல ஒரு இடத்துல கீறல் விட்ருக்கு. என்ன சாப்பாடுன்னு கேட்டாரு, சொன்னேன். "எல்லாம் சரிம்மா, எலும்பு எங்க?"ன்னு கேட்டாரு. எனக்கு பதில் வரல.

அவர் சொன்ன கணக்க அப்படியே சொல்றேன், குட்டி வளக்குற எல்லாரும் மனசுல வெச்சுக்கோங்க. வளர்ற குட்டி சாப்பிடுற ஒவ்வொரு 1000 கலோரிக்கும் குறைஞ்சது 3 கிராம் கால்சியம் வேணும். எலும்பில்லாத கோழிக்கறில 1000 கலோரி கிடைக்கணும்னா முக்கால் கிலோவுக்கு மேல போடணும், அவ்வளவு போட்டாலும் அதுல கால்சியம் 100 மில்லிகிராம் தேறுறதே கஷ்டம். ஆனா பாஸ்பரஸ் மட்டும் எக்கச்சக்கமா இருக்கு, அது கூடினா ரத்தத்துல கால்சியம் இன்னும் குறையும். ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா இதயமே ஓடாது, அதனால கழுத்துல இருக்கிற பாராதைராய்டு சுரப்பி எலும்புல இருந்து கால்சியத்த உருவி ரத்தத்துக்கு கொடுத்துக்கிட்டே இருக்கும். அதாவது என் குட்டி தன் எலும்பையே தின்னுக்கிட்டு இருந்துச்சு, நான் முடி பளபளப்பப் பாத்து சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன்.

ட்ரை ஃபுட் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்க நான் இத எழுதல. அதுல ஈரமே 10 சதவீதம்தான், கறில 70 சதவீதத்துக்கு மேல தண்ணி. மலிவு பாக்கெட்ட திருப்பிப் பாத்தா சோளம், கோதுமைனு தானியம்தான் முதல்ல நிக்குது. 2007ல அமெரிக்காவுல மெலமைன்ங்கிற கெமிக்கல் கலந்த கோதுமை குளூட்டன், அதாவது கோதுமைப் புரதம், உள்ள போயி எத்தனையோ நாய் பூனை சிறுநீரகம் கெட்டு செத்துச்சு, கோபம் வர்றதுல தப்பே இல்ல. நம்ம ஊர்ல மூட்டையப் பிரிச்சு வெச்சு லூஸ்ல நிறுத்துக் கொடுக்கிறாங்களே அது இன்னும் மோசம், கொழுப்பு காத்து பட்டு சிக்கு வாடை அடிக்கும், தயவு செஞ்சு வாங்காதீங்க. இத்தனையும் சொல்லிட்டு ஒண்ணு ஒத்துக்கணும், செவலைய எழுப்பி நிக்க வெச்சது குட்டிகளுக்குன்னே வர்ற ஒரு நல்ல ட்ரை ஃபுட், அதான் பப்பி ஃபுட்தான். ஆறு வாரம் அதுமட்டும்தான் போட்டோம், ஓட விடாம ஒரு சின்ன இடத்துல அடைச்சு வெச்சோம், அடுத்த எக்ஸ்ரேல எலும்பு வெள்ளையா தெரிஞ்சப்ப கிளினிக்லயே அழுதுட்டேன்.

அப்புறம் இந்த ஓநாய் கதை. ஓநாய் போன்லெஸ் சாப்பிடுறதில்ல, எலும்பு, ஈரல், குடல்னு முழுசா தின்னும். அதோட நாய் இப்ப ஓநாயும் இல்ல, மாவுச்சத்த செரிக்கிற ஜீன் நாய்க்கு ஓநாய விட பல மடங்கு கூடிருக்குன்னு 2013லயே சுவீடன் விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சிட்டாங்க. எங்க தாத்தா வீட்டு வேட்டை நாய்க்கெல்லாம் கேப்பைக் கூழும் மோரும்தான் ஊத்துவாங்க, கறிங்கிறது என்னைக்காவது ஒருநாள், அதுவும் எலும்போட. சின்ன வயசுல பாவம்னு நினைப்பேன். இப்ப பாத்தா 100 கிராம் கேப்பையில 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம், பாஸ்பரஸ விட கூடவே இருக்கு. அதுமட்டும் போட்டாலும் குட்டிக்கு பத்தாது, ஆனா என் போன்லெஸ்ஸுக்கு அது எவ்வளவோ மேல்.

பச்சையா போடுறதப் பத்தியும் சொல்லிடுறேன். பச்சைக்கோழில சால்மோனெல்லாங்கிற கிருமி இருக்கலாம், நாய் தாங்கிக்கும், ஆனா அது நக்குற குழந்தை தாங்காது. ஃப்ரீசர்ல வெச்சா செத்துரும்னு நினைக்காதீங்க, தூங்கும், அவ்வளவுதான். ஆட்டு ஈரல், நுரையீரல்ல சில சமயம் தண்ணிக்கட்டி இருக்கும், கடைக்காரங்க அத வெட்டி நாய்க்கு வீசுறத எல்லாரும் பாத்திருப்போம். அத பச்சையா தின்ன நாய் வயித்துல நாடாப்புழு வளரும், அதோட முட்டை மலத்துல வந்து நம்ம வாய்க்குள்ள போனா நம்ம ஈரல்ல அதே கட்டி வரும். வீட்ல ரெண்டு பிள்ளைங்க இருக்கு, இந்த ஒரு காரணமே எனக்கு போதும்.

இப்ப செவலைக்கு காலைல பப்பி ஃபுட், சாயங்காலம் வெங்காயம் உப்பு எதுவும் இல்லாம வேகவெச்ச கோழி, கொஞ்சம் ஈரல், கேப்பை, அதுல டாக்டர் சொன்ன அளவுக்கு முட்டை ஓட்டுப் பொடி. ஓட்ட வேகவெச்சு காயவெச்சு மிக்ஸில மாவா அரைச்சுக்கணும், ஒரு டீஸ்பூன்ல ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வந்துரும். வெந்த எலும்பு மட்டும் கொடுக்கவே மாட்டேன், அது சில்லு சில்லா உடைஞ்சு குடல கிழிச்சிரும். ஒரேயடியா கால்சியம் சிரப்ப ஊத்துறதும் ஆபத்து, முக்கியமா ராட்வீலர், கிரேட் டேன் மாதிரி பெரிய ஜாதிக்கு. ஆறு மாசத்துக்குக் கீழ இருக்கிற குட்டியோட குடலுக்கு அதிகமா வர்றத வேணாம்னு தள்ளத் தெரியாது, மூட்டு கெட்டுப்போகும். பப்பி ஃபுட் போட்டுக்கிட்டே சிரப்பும் ஊத்துறவங்க நிறைய பேர் இருக்கீங்க, டாக்டர்கிட்ட கேக்காம ஊத்தாதீங்க.

அந்தத் தம்பிகிட்ட நேத்து பாதிதான் சொன்னேன், அவன் முகம் வாடிப்போச்சு, அவ்வளவு ஆசையா வளக்குறான். ஞாயித்துக்கிழமை குட்டியோட வரச் சொல்லிருக்கேன், சேந்தே டாக்டர்கிட்ட போறோம். செவலையோட ரெண்டு எக்ஸ்ரேவையும் பீரோல இருந்து எடுத்து வெச்சுட்டேன்.