மூணு யூரோ டி-சர்ட்டும் என் வயிற்றெரிச்சலும்

போன வாரம் ஒரு கல்யாணம். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பையன் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். போட்டிருந்த டி-சர்ட்டைப் பிடித்து இழுத்துக் காட்டி, "ஏனுங் மாமா, இது எவ்வளவு இருக்கும்னு சொல்லுங்க பார்ப்போம்?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொல்லிவிட்டான். "மூணே யூரோ!"

அதற்கு மேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

திருப்பூரில் பதினான்கு வருடமாக மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது வெளிநாட்டு ஆர்டரைப் பேசி முடித்துச் சரக்கு போய்ச் சேரும் வரை பார்த்துக்கொள்கிற வேலை, பார்க்கிறவன் நான். டி-சர்ட்டைக் கண்டால் கணக்கு தானாக ஓட ஆரம்பித்துவிடும். ஒரு கிலோ துணியில், கட்டிங் வேஸ்ட் போக, நாலைந்து பீஸ் தேறும். நூல், நிட்டிங், சாயம், கட்டிங், ஓவர்லாக், பிளாட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங், துறைமுகம் வரை லாரி வாடகை, அப்புறம் கப்பல், அங்கே கடை வாடகை, கடைக்காரர் லாபம். ஜெர்மனியில் விற்பனை வரி 19 சதவீதம். மூணு யூரோவில் கிட்டத்தட்ட அரை யூரோ அரசாங்கத்துக்கே போய்விடும். மிச்சத்தில் தைத்தவளுக்கு எவ்வளவு என்று அந்தப் பையனிடம் கேட்டேன். "அதெல்லாம் வால்யூம் மாமா" என்றான். வால்யூமாம்!

வால்யூம் இல்லை தம்பி. ரிஸ்க். இந்தத் தள்ளுபடிக் கடைக்காரர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சொந்தமாக ஒரு தையல் மெஷின்கூடக் கிடையாது. எது நடந்தாலும் நஷ்டம் அடுத்தவன் தலையில் விழுகிற மாதிரி ஏற்பாடு செய்து வைத்திருப்பதுதான் அவர்களுடைய தொழில்.

2022 மே மாதம் நூல் விலை தாங்காமல் ஊரே இரண்டு நாள் கம்பெனிகளைச் சாத்தியது ஞாபகம் இருக்கும். பீஸுக்கு ஏழெட்டு சென்ட் ஏற்றிக் கொடுங்கள் என்று ஓர் அமெரிக்க பையருக்கு, அதாவது எங்களிடம் சரக்கு வாங்குகிறவருக்கு, கெஞ்சி மெயில் போட்டேன். "பேசிய விலை பேசியதுதான்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. சரி, வியாபாரத்தில் வாக்கு வாக்குதான் என்று வாயை மூடிக்கொண்டோம். 2025 ஆகஸ்டில் அந்த நாடு நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. அதே ஆள், அதே மெயில் ஐடி. "இந்தச் சுமையை நாம் பகிர்ந்துகொள்ள வேண்டும்" என்று எழுதியிருந்தார். கப்பல் ஏறத் தயாராக இருந்த சரக்குக்கு! நூல் ஏறினால் பேசிய விலை கல்வெட்டு, வரி ஏறினால் அது தண்ணீரில் எழுதிய எழுத்து.

2020-ல் கொரோனா வந்தபோதும் இதுதான் நடந்தது. தைத்து முடித்த சரக்கையே வேண்டாம் என்றார்கள். வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேல் ஆர்டர்கள் ரத்தாகவோ தள்ளிப்போகவோ செய்தன என்று அங்குள்ள உற்பத்தியாளர்கள் கணக்குக் காட்டினார்கள்.

வங்கதேசம் என்றதும் இன்னொன்று. பையர்கள் எங்களிடம் பேரம் பேசும்போது "டாக்காவில் இந்த ரேட்டுக்கே தருகிறார்களே" என்பார்கள். டாக்காவில் போய் யார் பெயரைச் சொல்லி விலையைக் குறைக்கிறார்களோ, யார் கண்டது. அங்கே 2023 கடைசியில் ஆடைத் தொழிலாளர்கள் மாதச் சம்பளம் குறைந்தது 23,000 டக்கா (அந்த நாட்டுப் பணம்) வேண்டும் என்று கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். சில உயிர்களும் போயின. கிடைத்தது 12,500 டக்கா, அதாவது அப்போதைய கணக்கில் சுமார் 113 டாலர். அதற்குப் பத்து வருடம் முன்பு, 2013 ஏப்ரல் 24 அன்று, டாக்கா பக்கத்தில் சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்திருந்தது. கீழே இருந்த பேங்க் தன் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேலே தைத்துக்கொண்டிருந்தவர்களை மட்டும் மறுநாள் உள்ளே போகச் சொன்னார்கள். சரக்கு அனுப்ப வேண்டிய தேதி நெருங்கினால் இந்தத் தொழிலில் என்னென்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். லேட்டானால் விமானத்தில் அனுப்பு, அந்தச் செலவும் உன்னுடையது என்பார்கள். லாபம் போய், முதலும் போகும்.

இதில் பையர்கள் ஆள் அனுப்பிக் கம்பெனியைச் சோதிக்கிற ஆடிட் கூத்து வேறு. வருவார்கள், தீயணைப்புக் கருவியில் தேதி பார்ப்பார்கள், கழிவறையை எண்ணுவார்கள், டைலர்களிடம் ஓவர்டைம் பற்றி விசாரிப்பார்கள். எல்லாம் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதே வாரத்தில் அவர்களுடைய இன்னொரு டிபார்ட்மென்ட் பீஸுக்குப் பத்து சென்ட் குறைக்கச் சொல்லும். அந்தப் பத்து சென்ட் எங்கிருந்து வரும் என்று எந்த ஆடிட்டராவது கேட்டிருக்கிறாரா?

எங்கிருந்து வரும் என்று நானே சொல்கிறேன், வெட்கம்தான். முதலாளி என்னைப் பார்ப்பார், நான் ஆள் வைத்துத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் காண்டிராக்டரைக் கூப்பிட்டு "அண்ணா, இந்த ஒரு ஆர்டருக்கு மட்டும்" என்பேன். அவர் டைலருக்குப் பீஸுக்கு இவ்வளவு என்று கொடுக்கிற பீஸ் ரேட்டில் கை வைப்பார். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற ஒடிசாப் பையன் கையில் அந்த வாரம் குறையும். "இந்த ஒரு ஆர்டருக்கு மட்டும்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே எண்ணிக்கை இல்லை.

கிளம்பும்போது அந்தப் பையன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினான். "உங்களுக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்தேனுங் மாமா." பாசத்தோடு கொடுக்கிறான், என்ன சொல்ல? திருப்பூர்க்காரனுக்கு ஜெர்மனியிலிருந்து பனியன்.

வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தேன். லேபிளில் மேட் இன் பங்களாதேஷ். கழுத்து ரிப்பில் ஓரிடத்தில் தையல் விட்டிருக்கிறது. நாங்கள் அனுப்பியிருந்தால் இதற்குள் பணத்தைப் பிடித்துக்கொண்டு டெபிட் நோட் வந்திருக்கும்.