பொருளுக்குப் பொருள் கேட்டால்

வாட்ஸப் குழுவில் அந்தப் பார்வர்டு மறுபடியும் வந்துவிட்டது. சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான உறவு கிடையாது என்று சுவிஸ் மொழியியலாளர் சசூர் சொன்னதைத் தொல்காப்பியர் எப்போதோ சொல்லிவிட்டாராம். ஆதாரம், தொல்காப்பியத்தில் உரிச்சொற்களைப் பற்றிய உரியியல் என்ற பகுதியின் சூத்திரம்: "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா." கீழே வரிசையாகக் கைதட்டல்.

சூத்திரத்தை இன்னொரு தடவை படியுங்கள். ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் வந்ததற்குக் காரணம் இல்லை என்றா இருக்கிறது? பார்த்தவுடன் பளிச்சென்று தெரியாது என்றுதான் இருக்கிறது. பழைய உரையாசிரியர் சேனாவரையர் இந்த இடத்தைச் சரியாகப் பிடிக்கிறார்: 'இல்லை' என்னாமல் 'விழிப்பத் தோன்றா' என்றதால், காரணம் உண்டு, எல்லோருக்கும் புலப்படாது, அவ்வளவே. சசூரோ (இதைச் சொல்லும் அவருடைய புத்தகம், அவர் இறந்து மூன்று வருடம் கழித்து, 1916இல், மாணவர்களின் குறிப்புகளை வைத்து மற்றவர்கள் தொகுத்தது) அப்படி ஒரு உள்ளுறவே கிடையாது என்கிற கட்சி. பழைய வழக்குதான் இது. பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில், பெயர் பொருளின் இயல்பிலேயே இருக்கிறது என்று கிராட்டிலஸும், ஊர் கூடி ஒப்புக்கொண்டதுதான் பெயர் என்று எர்மோகெனிஸும் மல்லுக்கட்டுகிறார்கள். சேனாவரையரை நம்பினால், தொல்காப்பியரை சசூர் பக்கத்து பெஞ்சில் உட்காரவைக்க முடியாது.

எனக்குப் பிடித்த சூத்திரம் அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. யாரும் பார்வர்டு செய்வதில்லை.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் மகள் பாடப்புத்தகத்தோடு வந்தாள்.

"நனின்னா என்னப்பா?"

"மிகுதி."

"மிகுதின்னா?"

"அதிகம்."

"அதிகம்னா?"

வேண்டுமென்றேதான் கேட்கிறாள் என்று தெரிந்தது. ஆனாலும் எனக்கு அடுத்த சொல் வரவில்லை. அவள் தட்டில் இன்னும் மூன்று கரண்டி சோற்றைப் போட்டேன். "ஐயோ, போதும்ப்பா!" என்று கத்தினாள். "அதான் நனி" என்றேன்.

உறு, தவ, நனி மூன்றும் மிகுதி என்ற பொருள் தரும் என்று சொல்வதும் இதே உரியியல்தான். சரி, மிகுதிக்கு என்ன பொருள்? அங்கேதான் அந்தச் சூத்திரம்: "பொருட்குப் பொருள் தெரியின் அதுவரம் பின்றே." பொருளுக்குப் பொருள் கேட்டுக்கொண்டே போனால் எல்லையே இல்லை. அப்புறம் இன்னொன்று: "உணர்ச்சி வாயில் உணர்வோர் வலித்தே." நீ எவ்வளவுதான் விளக்கினாலும், விளங்குவது கேட்பவரின் பிடியில் இருக்கிறது. பாடம் நடத்திக் களைத்த ஒருவரின் குரல் எனக்கு இதில் கேட்கிறது.

ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் தத்துவவாதி விட்கன்ஸ்டைனிடம் போங்கள். வாக்கியம் உலகின் படம் என்று, 1921இல் வெளிவந்த புத்தகத்தில் எழுதியவர், அதை எழுதி முடித்த பிறகு ஆஸ்திரியக் கிராமங்களில் பள்ளி வாத்தியாராக இருந்தார். 1926இல் பிள்ளைகளுக்கென்று ஒரு சொல் அகராதியும் போட்டார். அவர் மறைந்தபின் 1953இல் வந்த புத்தகத்தின் தொடக்கத்தில் ஒரு கடை வருகிறது. சீட்டில் 'ஐந்து சிவப்பு ஆப்பிள்'. கடைக்காரர் வண்ண அட்டையைப் பார்த்து, ஒன்று, இரண்டு என்று எண்ணி எடுத்துத் தருகிறார். 'ஐந்து' என்பதற்குப் பொருள்? அந்தக் கேள்வியே அங்கே எழவில்லை, விளக்கங்கள் எங்காவது முடிந்துதானே ஆகவேண்டும் என்கிறார் விட்கன்ஸ்டைன்.

இதிலும் "நாங்கள் முன்பே" என்று கிளம்பாதீர்கள். தொல்காப்பியருக்குக் கவலை அருஞ்சொல்லை எப்படிப் புரியவைப்பது என்பது. இவருக்கு, பொருள் என்று தனியே ஒன்று எங்கோ உட்கார்ந்திருக்கிறதா என்பது. ஆனால் இருவரும் முட்டி நின்ற சுவர் ஒன்றேதான்.

இப்போதெல்லாம் நான் கரண்டியோடு "நனி?" என்றால், மகள் தட்டை இழுத்துக்கொள்கிறாள்.