ஈரக் கூரைக்குப் பட்டி பார்க்கும் நிபுணர்கள்

குளியலறைக் கூரையில் மறுபடியும் கறுப்பு படர்ந்துவிட்டது. சென்ற ஆடியில் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, எமல்ஷனும் பூசி, "இனிமே பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்களே, அதே இடத்தில்தான். பெயின்ட் அப்பளமாக உப்பி, வெடித்து, குளிக்கிறவர் தலையில் உதிர்கிறது. சென்னை அடுக்குமாடிவாசிகளுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

இன்று வேறொரு வாட்டர்ப்ரூஃபிங் நிபுணர் வந்தார். ஸ்டூல் கேட்டார், கொடுத்தோம். ஏறி நின்று, கைப்பேசி விளக்கை அடித்து, கறையை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். மீண்டும் தட்டினார். பிறகு என் வீட்டுச் சாவியையே வாங்கி, இருந்த கொஞ்சப் பூச்சையும் சுரண்டித் தரையில் கொட்டிவிட்டு, "ஓதம் சார்" என்று தீர்ப்பு வழங்கினார். ஓதம் என்று தெரிந்துதானே ஐயா உங்களை அழைத்தேன்! தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "மேலேருந்துதான்" என்றார். புவியீர்ப்பு விசை இந்தக் கட்டடத்திலும் வேலை செய்கிறது என்பதை உறுதிப்படுத்தியமைக்காக அவருக்குக் காபி கொடுத்தோம்.

மழைதான் காரணம் என்றார். அக்னி நட்சத்திரத்தில் ஊரே காய்ந்து கிடந்தபோதும் ஒழுகியதே என்றேன். அதற்கு ஒரு புன்னகை. பிறகு டேப்பை நீட்டிக் கறையை மட்டும் அளந்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, மறுபடியும் அதே பட்டி, அதே பிரைமர், அதே எமல்ஷன் என்று எழுதி நீட்டினார்.

மேல்வீட்டில் யாருமே தண்ணீர் பயன்படுத்தாத நேரத்திலும் இடைவிடாமல் சொட்டினால் பெரும்பாலும் தண்ணீர் வரும் குழாயில் கோளாறு. மேலே குளித்த பிறகு மட்டும் சொட்டினால் டைல்ஸ் இடுக்கையோ தரைத் தண்ணீர் வடியும் நஹானி ட்ராப்பைச் சுற்றியுள்ள இணைப்பையோ கழிவுக் குழாயையோ சந்தேகிக்க வேண்டும். ட்ராப்பைத் துணியால் அடைத்து, மேல்வீட்டுக் குளியலறைத் தரையில் தண்ணீரை 24 மணி நேரம் தேக்கி வைத்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். இதைச் செய்ய ஒரு கந்தல் துணி போதும். ஆனால் கந்தல் துணிக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி கேட்க முடியாதல்லவா? இதற்கிடையே ஸ்லாபுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, அடியிலுள்ள கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் வெண்மையாக எமல்ஷன் அடித்தால் துரு வெட்கப்பட்டு நின்றுவிடும் போலும்.

சரி, மேல்வீட்டுக்காரரிடமே பேசுவோம் என்று மாடி ஏறினேன். அவர் தமது குளியலறைக் கதவை அகலத் திறந்து, "பாருங்க சார், தரையில ஒரு சொட்டு இருக்கா?" என்றார். இருந்த சொட்டெல்லாம் என் வீட்டுக்கு இறங்கிவிட்ட பிறகு அங்கே எப்படி இருக்கும்? ஒரே ஒரு நாள் தண்ணீரைத் தேக்கிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "அப்போ நாங்க குளிக்க வேண்டாமா?" என்று சீறினார். இத்தனைக்கும் அவர் வீட்டில் இன்னொரு குளியலறை இருக்கிறது. அதன் கதவுக்கருகில் நின்றுகொண்டுதான் சீறினார்.

திரும்பலாம் என்று கூடத்துக்கு வந்தால், நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அண்ணாந்து பார்த்தேன். என் கூரையில் இருப்பதைப் போல் மூன்று மடங்கு பெரிய கறை. மொட்டை மாடியில் யாரோ டிஷ் ஆன்டெனா பொருத்துவதற்காகத் மழைநீர் இறங்காமல் பதித்திருந்த தட்டோட்டையும் அடியிலிருந்த சுருக்கி அடுக்கையும் துளைத்துவிட்டார்களாம். குடியிருப்போர் சங்கத்தில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லையாம். அடுத்தவர் வீடு நாசமாகிறதே என்ற உணர்வுகூட இல்லாத மனிதர்களைப் பற்றி அவர் அரை மணி நேரம் என்னிடம் குமுறினார். கண்கள் கலங்கியிருந்தன. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, இருமுவதுபோல் சமாளித்தேன். கடைசியில் சங்கத்துக்கு அவர் எழுதியிருந்த புகார் மனுவை நீட்டி, பாதிக்கப்பட்டவர்கள் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று சொல்லி, என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார்.