குத்பா யாருக்காக?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன் நிகழ்த்தப்படும் உரையான குத்பா அரபியில்தான் இருக்க வேண்டுமா, தமிழில் இருக்கலாமா என்பதுதான் கேள்வி. தொழுகை அரபியில்தான் இருக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதிப் பதிவைத் தாண்டுவதற்குள் என்னை ஏதாவது ஓர் அணியில் சேர்த்துவிடுவார்கள்.

துபாயில் ஒரு பள்ளிவாசலின் தொழுகை வரிசையில் மலையாளி, வங்காளி, பட்டாணி, நம்ம கீழக்கரைக்காரர் எல்லாரும் தோளோடு தோள் நிற்கிறார்கள். தொழுகை நடத்தும் இமாம் எந்த நாட்டுக்காரர் என்று யாரும் கேட்பதில்லை. கூட்டாகத் தொழும் ஜமாஅத் தொழுகைக்கு அரபி செய்து கொடுக்கும் வேலை அது. துருக்கியில் 1932இல் தொழுகைக்கு அழைக்கும் பாங்கைத் துருக்கி மொழிக்கு மாற்றினார்கள். 1941இல் அரபியில் சொன்னால் சிறை என்று சட்டமும் வந்தது. 1950 ஜூனில் பிரதமர் மெண்டரஸின் ஆட்சி அந்தத் தடையை நீக்கியது. துருக்கிப் பாங்கை அப்போது யாரும் தடை செய்யவில்லை, அரபியிலும் சொல்லலாம் என்று மட்டும்தான் சொன்னார்கள். ஆனாலும் பள்ளிவாசல்கள் அரபிக்கே திரும்பிவிட்டன.

ஜும்ஆ குத்பா அப்படிப்பட்டதா?

நம் ஊர்ப் பள்ளிவாசல்கள் பலவற்றில் முதலில் தமிழில் பயான் என்ற மார்க்கப் பேச்சு நடக்கும். அப்புறம் ஹஜ்ரத் (பள்ளிவாசல் ஆலிம்) மிம்பர் என்ற உரைமேடையில் ஏறி அரபியில் குத்பா ஓதுவார். கடமை என்பது இரண்டாவதுதான். அதனால் கூட்டம் பயான் முடியும் நேரம் பார்த்து வந்து சேர்கிறது. புரிகிற பேச்சுக்குப் பாதிப் பள்ளி காலி. புரியாத பேச்சுக்கு வாசல் வரை ஆள்!

ஷாஃபி மத்ஹபை (சட்ட மரபை) பின்பற்றும் பள்ளிவாசல்களில் குத்பாவுக்கு முன், பாங்கு சொல்லும் மோதினார் எழுந்து ஒரு ஹதீஸை (நபிமொழியை) ஓதுவார். இமாம் உரை நிகழ்த்தும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ‘பேசாதே’ என்று சொன்னால்கூட அது வீண்பேச்சு என்பது அதன் கருத்து. அந்த எச்சரிக்கையும் அரபியில்தான். பின்வரிசைப் பையன்களின் குசுகுசுப்பு அதனால் ஒரு நாளும் நின்றதில்லை.

அரபியில்தான் குத்பா வேண்டும் என்பவர்களின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. மற்ற நாட்களின் நண்பகல் தொழுகையான லுஹர் நான்கு ரக்அத் (தொழுகைச் சுற்று), ஜும்ஆ இரண்டு. குறைந்த இரண்டின் இடத்தில்தான் இரண்டு குத்பாக்கள் நிற்கின்றன, ஆகவே தொழுகையின் சட்டம் அதற்கும் பொருந்தும் என்கிறார்கள். ஆனால் நபி (ஸல்) அவர்களின் குத்பா எப்படி இருந்தது? ஸுலைக் என்பவர் நடுவில் வந்து உட்கார்ந்ததும், எழுந்து இரண்டு ரக்அத் தொழச் சொன்னார்கள். இன்னொரு நாள் ஒரு கிராமவாசி வந்து, கால்நடைகள் அழிகின்றன, மழைக்கு துஆ (பிரார்த்தனை) செய்யுங்கள் என்று குத்பாவுக்கு நடுவிலேயே கேட்டார். நபியவர்கள் கையை ஏந்தினார்கள். ஒரு வாரம் விடாமல் மழை. அடுத்த ஜும்ஆவில் ஒருவர் வந்து மழையை நிறுத்தச் சொல்லிக் கேட்டார்! தொழுகைக்குள் இப்படிக் கேட்டுப் பதில் பெற முடியுமா? தொழவைக்கும் இமாம் மக்கா இருக்கும் திசையான கிப்லாவைப் பார்த்து நிற்கிறார். குத்பா ஓதுபவர் நம்மைப் பார்த்து நிற்கிறார். நம்மைப் பார்த்து நிற்பவர் நமக்குப் புரியும்படி பேசுவதில் என்ன தடை?

சட்டத்திலும் வழி இருக்கிறது. ஷாஃபி மத்ஹபில் குத்பாவின் ருக்னுகள் (கட்டாயப் பகுதிகள்) ஐந்து: இறைப்புகழ், நபிக்கான ஸலவாத், தக்வாவை (இறையச்சத்தை) வலியுறுத்தல், ஒரு குர்ஆன் வசனம், முஃமின்களுக்கான (இறைநம்பிக்கையாளர்களுக்கான) துஆ. இவற்றை அரபியில் சொல்லிவிட்டு மற்றதை மக்கள் மொழியில் பேசலாம் என்று சொன்ன அறிஞர்கள் இருக்கிறார்கள். இன்னொரு மத்ஹபான ஹனஃபி பக்கம் போனால், குத்பாவுக்கு அரபி நிபந்தனையே இல்லை என்பது இமாம் அபூ ஹனீஃபாவின் கருத்து. பின்னால் வந்த, ஹனஃபி வழியிலான தேவ்பந்த் மதரஸாவின் ஆலிம்கள் அரபியல்லாத குத்பாவை வெறுத்தார்கள் என்பதும் உண்மை. சிங்கப்பூரில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில் தமிழில் குத்பா நடக்கிறது. அங்குள்ள இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் குத்பா உரையை மலாய், ஆங்கிலத்தோடு தமிழிலும் வெளியிடுகிறது. அங்கே யாருடைய மார்க்கமும் கெட்டுப்போகவில்லை.

நம் ஊரில் தடையாக இருப்பது ஃபிக்ஹு (மார்க்கச் சட்டம்) அல்ல என்றே நினைக்கிறேன். மத்ஹபுகளை ஏற்காத தவ்ஹீத் இயக்கத்தாரின் பள்ளிவாசல்களில் பல வருடங்களாகத் தமிழில்தான் குத்பா. அதனாலேயே மத்ஹபு வழி நடக்கும் சுன்னத் ஜமாஅத் நிர்வாகங்களுக்கு அதைத் தொடப் பயம். மிம்பரில் நாலு வாக்கியம் தமிழில் பேசினால் ‘அவங்க ஆள்’ என்ற பெயர் வந்துவிடும். ஹஜ்ரத்துக்கு வேலை போகும், நிர்வாகிக்கு அடுத்த தேர்தல் போகும். பயானில் அத்தனை அழகாகத் தமிழ் பேசுகிற அதே ஹஜ்ரத், மிம்பரில் ஏறியதும் புத்தகத்தைத் திறந்து வாசிப்பதற்கு மார்க்கத்தைவிட இந்தப் பயம்தான் பெரிய காரணம்.