தட்டில் கொட்டாதீர்கள், தேட விடுங்கள்

நாய் வளர்க்கும் நண்பர்கள் பலர் ஒரே புகாரைத்தான் சொல்கிறார்கள்: "காலையும் மாலையும் வாக்கிங் போறோம், அப்பவும் செருப்பைக் கடிக்குது, சும்மா சும்மா குரைக்குது." இதைச் சேட்டை என்று திட்டுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் அது வெறும் சலிப்புதான். காலுக்கு வேலை கிடைத்தது, மூக்குக்கும் மூளைக்கும் கிடைக்கவில்லை.

மோப்பம் பிடிக்கும் நாய் விநாடிக்குச் சுமார் ஐந்து முறை மூச்சை இழுத்து விடும். வெளியேறும் காற்று நாசியின் ஓரப் பிளவு வழியாகப் போய்விடுவதால், முன்னாலிருந்து வரும் வாசனை கலைவதில்லை. இப்படியொரு மூக்கு உள்ள பிராணிக்குச் சாப்பாட்டைத் தட்டில் கொட்டி நேர் எதிரே வைத்தால் அதற்கு என்ன வேலை மிச்சம்?

அன்றைய உணவிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளுங்கள். நாயை உட்கார வைத்து, அது பார்க்கும்போதே நாற்காலிக் காலடியில் ஒன்று, கதவோரம் ஒன்று வையுங்கள். பிறகு "தேடு" என்று சொல்லுங்கள். விளையாட்டு புரிந்ததும் அடுத்த அறையில் மறைத்து வைக்கலாம், சுருட்டிய டவலுக்குள் வைக்கலாம். அப்புறம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். தாண்டிப் போன நாய் சட்டென்று தலையைத் திருப்பும், மூச்சுச் சத்தம் வேகமாகும், வாலின் ஆட்டமே மாறிவிடும். அந்த நேரத்தில் விரலை நீட்டிக் காட்டிக் கொடுக்காதீர்கள். தானே கண்டுபிடிப்பதில்தான் அதற்கு மகிழ்ச்சி. ரொம்பத் திணறினால் அடுத்த முறை இன்னும் எளிதான இடத்தில் வையுங்கள், அவ்வளவுதான்.

டுரான்டன், ஹோரோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. சில நாய்களுக்கு இரண்டு வாரம் மோப்பத் தேடல், மற்றவற்றுக்கு எஜமானரை ஒட்டி நடக்கும் பயிற்சி. பிறகு, உணவு இருக்குமா இருக்காதா என்று ஊகிக்க முடியாத இடத்தில் ஒரு கிண்ணம் வைத்தார்கள். தேடிப் பழகிய நாய்கள் முன்பைவிட வேகமாக அதை நோக்கிப் போயின, அதாவது நம்பிக்கை கூடியிருந்தது. ஒட்டி நடந்த நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. கீழ்ப்படிதல் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் நாய் தானாக முடிவெடுக்கவும் நாளில் கொஞ்ச நேரம் வேண்டும்.

பொம்மைகளின் பெயர் சொல்லி எடுத்துவரச் சொல்வதும் நல்ல விளையாட்டு. ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியரிடம் வளர்ந்த சேசர் என்ற பார்டர் கோலி இன நாய் 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றது. அவர் அதற்காகத் தினமும் மணிக்கணக்கில் உழைத்தார். நமக்கு இரண்டு பொம்மை போதும்.

லேசர் விளக்கைச் சுவரில் ஓடவிட்டுத் துரத்த வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். பிடிக்கவே முடியாத ஒன்றைத் துரத்தித் துரத்தி, விளக்கை அணைத்த பிறகும் நிழலையும் வெளிச்சத்தையும் வெறித்துப் பார்த்து அலையும் பழக்கம் சில நாய்களுக்கு ஒட்டிக்கொள்கிறது.

இரண்டு நாய்கள் இருந்தால் தனித்தனி அறையில் விளையாட விடுங்கள், உணவுக்காகச் சண்டை வரலாம். துணியைக் கிழித்து விழுங்கும் நாய்க்கு டவல் கூடாது. திராட்சை, சாக்லேட் எதையும் பரிசாகக் கொடுக்கக் கூடாது, இரண்டுமே நாய்க்கு நஞ்சு.

வயதான நாய் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் செய்து பாருங்கள். மூட்டு வலியால் ஓட முடியாமல், கண் மங்கி, காது மந்தமான நாயையும் மூக்கு பெரும்பாலும் கைவிடுவதில்லை. குனிந்து சிரமப்படாத உயரத்தில், வழுக்காத தரையில் ஒளித்து வையுங்கள், அது தன் வேகத்தில் தேடட்டும்.